மேல்மாடி ஹீற்றர்

இத்தாலியின் பலெர்மோவில் அந்த மாரி முழுக்க ஞானாம்பிகை வெள்ளிக்கிழமைகளிலும் பச்சைத் தண்ணீரில்தான் தலை தோய்ந்தாள். செலவைக் குறைக்க வாடகை வீட்டுச் சுடுதண்ணீர் ஹீற்றரை நிறுத்தி மூன்று மாதமாகியும் கரண்ட் பில் ஒரு லீராகூடக் குறையவில்லை.

சந்தேகப்பட்ட கணவன் செல்வராசா ஒரு வெள்ளிக்கிழமை காலை தங்கள் மெயின் சுவிச்சை நிறுத்திப் பார்த்தான். மேல்மாடி பல்கனியில் வீட்டுக்காரியின் ஹீற்றர் லைற்றும் அணைந்தது.

ஈரத் தலையோடு நின்ற ஞானாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவள் சுடுதண்ணியில குளிக்க நான் விறைக்கிறதோ? போய்க் கேளுங்கோ!”

“கேட்டால் நாங்கள் இந்த வீட்டில இருக்கிறம் எண்டு கடிதம் தரமாட்டாள். கடிதம் இல்லாட்டி பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கேலாது. பிறகு இஞ்சை இருக்கவும் ஏலாது.”

அதற்குள் வீட்டுக்காரி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்ர ஹீற்றரை ஏன் நிப்பாட்டினீங்கள்?” என்று இத்தாலியனில் கத்தினாள்.

செல்வராசா ஓடிப்போய்ச் சுவிச்சைப் போட்டான். மன்னிப்பும் கேட்டான்.