செக்கிங்குக்கு ஒரு கம்பளி வீடு

எங்கள் மாமா வாயிலிருந்து உண்மை வருவது புதுச்சத்திரத்தில் எக்ஸ்பிரஸ் ரயில் நிற்பதைப் போல. எப்போதாவது நடக்கும், அதற்கும் ஏதாவது கோளாறுதான் காரணமாக இருக்கும். அம்மாவின் தம்பியான அவர் அப்போது சிதம்பரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தார். பழைய கொள்ளிடத்தில் முதலையின் வாலைப் பிடித்து இழுத்தேன் என்பார். பெரிய நடிகர் ஒருவர் தன்னிடம்தான் ரீசார்ஜ் செய்துகொண்டு போனார் என்பார். "அவன் சொல்றதுல பாதிய தள்ளிடணும், மீதிய நம்பக்கூடாது" என்று அம்மா சொல்வாள். இருந்தும், இந்த உலகத்தில் நான் யாருக்காவது நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் என்றால், அந்த மாமா சொன்ன ஒரு பொய்க்குத்தான்.

நாங்கள் கடலூர் முதுநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் டிரைவர். ஒருநாள் புதுச்சத்திரம் தாண்டி டயர் பஞ்சராகி, கழற்றி மாட்டும்போது ஜாக்கி சரிந்து, அப்பாவின் வலது கை நசுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். கட்டுப் பிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. விரல்கள் மடங்கவில்லை. கட்டைவிரல் நட்டுவைத்த குச்சி மாதிரி நின்றது. தினமும் ஸ்பாஞ்சுப் பந்தை அமுக்க வேண்டும், கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும், இந்தச் சில மாதங்களைக் கோட்டைவிட்டால் கை இப்படியே நின்றுவிடும், அப்புறம் ஸ்டீயரிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. நான்காவது படித்துக்கொண்டிருந்த என்னிடம், "அப்பாவுக்குக் கையில அடி, சரியாயிடும்" என்று மட்டும் சொன்னார்கள். நானும் சரியென்று விளையாடப் போய்விட்டேன்.

அப்பா பந்தை ஒருநாள்தான் அமுக்கினார். வலி தாங்காமல் டிவி மேல் வைத்தார். அங்கிருந்து பூனை தட்டிக்கொண்டு போய்விட்டது, யாரும் தேடவில்லை. பகலெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். சோற்றை இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார், அதுவும் நாங்கள் எழுந்து போன பிறகு. அம்மா மெதுவாக, "அந்தப் பந்த..." என்று ஆரம்பித்தாலே, "போன கை போனதுதான், உடு" என்று சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். அதற்குமேல் அம்மா வாயைத் திறப்பதில்லை. அவர் கோபத்துக்கு அவள் பயப்படவில்லை. அவர் அழுதுவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள்.

அந்தப் பூனைக்குச் செக்கிங் என்று பெயர் வைத்ததும் அப்பாதான். எந்த நேரத்தில் எந்த வழியாக ஏறும் என்று தெரியாது. ஏறினால் வீட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்விடும், பஸ்ஸில் டிக்கெட் பார்க்க ஏறுகிறவர் மாதிரி. கருப்பும் செம்பட்டையும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். அப்பா சாப்பிட்டு முடிக்கும்போது மீன் தலையைச் சோற்றோடு பிசைந்து தன் கையாலேயே அதற்கு வைப்பார். கையில் அடிபட்ட பிறகு அதுவும் நின்றுபோனது. செக்கிங் வந்து அவர் காலடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போகும்.

அது மறுபடி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. போன தடவை, பீரோவைச் சரியாகச் சாத்தாததால், அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவை மேல் குட்டி போட்டிருந்தது. "இந்தத் தடவ அதுக்குன்னு ஒரு எடம் இல்லன்னா கோணியில கட்டி ஹார்பர்ல உட்டுட்டு வந்துருவேன். அங்க மீனாவது கெடைக்கும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. மளிகைக்கடையில் கெஞ்சி அட்டைப்பெட்டி ஒன்று வாங்கிவந்தேன். கரப்பான் வரும் என்று அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். பையில் கிளிப்பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று உல்லன் நூல் உருண்டைகள். கூடவே முனையில் கொக்கி வைத்த குரோஷா ஊசி ஒன்று. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். எங்கேயோ வெளிநாட்டில் ஒரு வெள்ளைப் பூனை, நூலாலேயே பின்னிய குண்டு வீட்டுக்குள் படுத்து, வட்ட வாசல் வழியாகத் தலையை மட்டும் நீட்டிக் கொட்டாவி விட்டது. இட்லிக் குண்டானைக் கவிழ்த்து வாசல் வெட்டிய மாதிரி இருந்தது அந்த வீடு. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"நம்ம செக்கிங்குக்கும் இது மாதிரி பின்னலாமா மாமா?"

"பின்னலாம். ஆனா ஒரு விசயம் இருக்கு" என்று மாமா குரலைத் தாழ்த்தினார். "கண்டவங்க பின்னுன வூட்டுல பூனை நொழையாது. மோந்து பாக்கும். எந்தக் கை அதுக்குச் சோறு போட்டுச்சோ அந்தக் கைதான் பின்னியிருக்கணும். நடுவுல வேற கை பட்டுச்சுன்னா போச்சு. குட்டிங்கள வாயில கவ்விக்கிட்டு ஊரை உட்டே போயிடும்."

"நெசமாவா?"

"சிதம்பரத்துல மாட்டு டாக்டரே சொன்னாரு."

மாட்டு டாக்டர் என்றதும் நான் நம்பிவிட்டேன். செக்கிங்குக்குச் சோறு போட்ட கை எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடிப்போய் அப்பாவின் முதுகைத் தட்டினேன். அவர் திரும்பி நூலைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார்.

"ஏன்டா, பஸ் ஓட்டுற ஆம்பளைய ஊசி நூலு எடுக்கச் சொல்றியா? அதுவும் இந்தக் கைய வெச்சிக்கிட்டு?"

"நான் எங்க மச்சான் சொன்னேன்? பூனை கேக்குது, உங்க பொண்ணு கேக்குது" என்றார் மாமா. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. மாமா டீயைக் குடித்துவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையாகச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அன்று நான் சாப்பிடாமல் கிடந்தேன். உண்ணாவிரதம் என்று சொல்லிக்கொள்ள முடியாது, மாமா வாங்கிவந்த மிக்சரைப் போர்வைக்குள் வைத்துத் தின்றேன். ஆனால் அழுகை உண்மையான அழுகை. பொழுது சாய்வதற்குள் அப்பா எழுந்து உட்கார்ந்து, "சரி, அந்தச் சனியன எடுத்தா" என்றார்.

ஊசி அவர் விரல்களில் நிற்கவே இல்லை. கீழே விழும், நான் எடுத்துக் கொடுப்பேன், மறுபடி விழும். அம்மா ஊசியின் காம்பில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தாள். அம்மாவின் கை பட்டுவிட்டதே என்று நான் ரகளை செய்தேன். ஊசியில் படலாம், பின்னலில்தான் படக்கூடாது என்று மாமா போனில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் விட்டேன். மாமா போனில் சொல்லிக்கொடுக்க, அன்று ராத்திரி வரை முயன்று வந்தது ஒரு சாண் சங்கிலிப் பின்னல், அதுவும் நெளிந்து கிடந்தது. இடது கையில் நூலை வைத்துக்கொண்டு, வலது கையிலிருக்கும் ஊசியால் அதை வளைத்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் அப்பா பல்லைக் கடிப்பார். நெற்றியில் வேர்வை கொட்டும். சித்திரை மாதத்தில் ஃபேன் காற்றே சுடுகிறது, வேர்க்காமல் என்ன செய்யும் என்று நான் நினைத்துக்கொள்வேன். அம்மா அந்த நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லிக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள், துவைத்த துணியையே மறுபடி துவைப்பாள்.

கூரையிலிருந்து வட்டவட்டமாகப் பின்னிக்கொண்டே கீழே வர வேண்டும். அப்பா ஒவ்வொரு சுற்றுக்கும் தன் ரூட்டில் இருக்கும் ஊரின் பெயரை வைத்தார். "இன்னிக்கு வண்டி ஆலப்பாக்கத்தோட நிக்கிது பாப்பா" என்று ஊசியை வைத்துவிடப் பார்ப்பார். "அதெல்லாம் முடியாது. பாசஞ்சர் எல்லாம் ஏறி உக்காந்தாச்சு, எடுப்பா" என்பேன். கோணலாக வந்தால் பிரிக்கச் சொல்வேன், பிரித்துவிட்டுப் பின்னுவார். ஒருநாள் நான், "அடுத்தது புதுச்சத்திரம்" என்றேன். அப்பா ஊசியைப் பிடித்தபடியே வெகுநேரம் சும்மா இருந்தார். என்னவென்று புரியாமல், "என்னாப்பா, ரயில் கேட் போட்டிருக்கா?" என்று கேட்டேன். "ஆமா, கேட்டுதான்" என்றார். பிறகு ஒரு சுற்றைப் பின்னி முடித்து, "தாண்டியாச்சு" என்றார்.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. அப்பாவோடு வேலை செய்த கண்டக்டர் உடம்பு விசாரிக்க வந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அப்பா பின்னலைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் விடுவேனா. உருவி எடுத்து, "எங்கப்பா பின்னுனது கண்டக்டர் மாமா" என்று நீட்டினேன். அப்பாவின் முகம் செத்துவிட்டது. அந்தக் கண்டக்டர் சும்மாவே பஸ் முழுக்கச் சிரிக்கும்படி பேசுகிறவர். பின்னலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவின் கையைப் பார்த்தார். "ஆரஞ்சு பத்தாது போலருக்கே" என்றார். அவ்வளவுதான். மறுநாள் சாயங்கால ட்ரிப்பில் எங்கள் தெருமுனையில் பஸ்ஸை நிறுத்தி, ஆரஞ்சு நூல் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு விசில் ஊதிக்கொண்டு போனார். அந்த மனிதரை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. அன்றைக்கோ, பின்னலைத் தொட்டுவிட்டாரே பாவி என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் அப்பாவிடம் "எடுப்பா" என்று சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். எனக்குத் தைரியம் ஜாஸ்தி என்பதால் அல்ல, எனக்கு எதுவும் தெரியாது என்பதால். தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். காலேஜ் போகும் வயதில் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பந்து பிடிக்கவில்லை என்றால் பின்னல் வேலையாவது செய்யச் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியில் விரல் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாளாம். அதை அவரிடம் யார் சொல்வது என்று அம்மா தம்பியிடம் போனில் அழுதாளாம். மாமா கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் வீடியோ பார்த்துத் தானே பின்னக் கற்றுக்கொண்டாராம். ஹார்பர் மிரட்டல்கூட அவர் சொல்லிக்கொடுத்ததுதான். எனக்குத் தெரியாமல் செக்கிங்குக்குப் பால் ஊற்றி வந்த அம்மாவுக்கு அதைச் சொல்ல நாக்கே புரளவில்லையாம். கேட்டபோது எனக்குக் கோபமே வரவில்லை, கண் கலங்கிவிட்டது. அவர்கள் பட்ட பயத்தில் ஒரு துளியும் என் மேல் விழாமல், என் பிடிவாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உடனே மாமாவைக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். "உங்கம்மா சொல்றத நம்பாத. மாட்டு டாக்டரு நெசமாவே சொன்னாரு" என்றார்.

வைகாசியில் வீடு முடிந்தது. கிளிப்பச்சைக் கூரை, ரோஸ் சுவர், ஆரஞ்சு வாசல். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. அப்பா அதைத் தரையில் வைத்து, எட்ட நின்று பார்த்து, "வண்டி சிதம்பரம் வந்தாச்சு" என்றார். நான் செக்கிங்கைத் தூக்கிவந்து வாசலில் விட்டேன். அது வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. மோந்து பார்த்தது. தலையை உள்ளே விட்டது. தலையை வெளியே எடுத்து, கூரை மேல் ஏறி உட்கார்ந்து, வீட்டைச் சப்பையாக்கிவிட்டு, இறங்கிப் போய்விட்டது.

மத்தியானம் பார்த்தால், சமையலறையில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், சில்லென்றிருந்த சிமெண்டுத் தரையில், மூன்று குட்டி போட்டு நக்கிக்கொண்டிருந்தது. கடலூர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், எந்தப் பூனை கம்பளிக்குள் படுக்கும்? அது மாமாவுக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்கள் கூட்டத்திலேயே புத்தியுள்ளது செக்கிங் ஒன்றுதான்.

நான் தரையில் புரண்டு அழுதேன். "கண்டக்டர் மாமா தொட்டுட்டாரு, அதனாலதான் அது உள்ள போவல. இனிமே ஊரை உட்டே போயிடும்" என்று கத்தினேன். அப்பா சிரித்தார். அடிபட்ட பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரே என்று இன்னும் ஆத்திரமாக வந்தது. என்னை இழுத்து மடியில் உட்காரவைத்தார். "எங்க படுத்தா என்ன பாப்பா. நம்ம வூட்டுலதான படுத்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே, என் கன்னத்தில் வழிந்ததை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் துடைத்துவிட்டார்.

அம்மா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள்.

"கட்டவெரலுடா" என்றாள். "மடக்கித் தொடச்சு உட்டாருடா. இப்பதான்டா. என் கண்ணால பாத்தேன்டா."

அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டில் இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது, இவள் அதை விட்டுவிட்டு ஏதோ கட்டைவிரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். அப்பாவின் மடியில் இருந்தபடியே குரல் கொடுத்தேன்.

"மூணு குட்டின்னு சொல்லும்மா."