வெறும் ஊசி

டம்ளரை மேசையில் வைக்கும்போது அவள் சுண்டுவிரலை அடியில் கொடுப்பாள். விரல் முதலில் மேசையைத் தொடும். பிறகு டம்ளரை அதன்மேல் இறக்கி, விரலை மெல்ல உருவிக்கொள்வாள். சத்தமே வராது. கதவையும் கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடிதான் சாத்துவாள்.

"கல்யாணம் பண்ணினேனா, பூனை வளர்க்கிறேனான்னே தெரியல" என்பான் கணவன்.

ஆய்வுக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே அவள் ஊசி அக்கா. காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள், கடுங்குளிரில், உலோகத் தகட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் ஒற்றை அணுவை ஊசிமுனையால் தொட்டும் தொடாமலும் தடவிப் பார்ப்பது வேலை. பக்கத்து அறையில் யாராவது நாற்காலியை இழுத்தாலே படம் கலைந்துவிடும். முனைவர் பட்டம் வாங்கியும், ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே அவளுக்குத் தலை நரைத்திருந்தது.

அந்த வருஷம் ஒரு நிரந்தர இடம் காலியானது. பேராசிரியர் அவளைக் கூப்பிட்டார். "கட்டுரை வெளிய வரட்டும்மா. உன் பேருதான் முதல்ல. இந்த இடமும் உனக்குத்தான்."

அன்று வீட்டில் அவளுக்கு வாய் ஓயவில்லை. அணு ஒரு குட்டிக் காந்தம். மேலே பார்க்கும், இல்லையென்றால் கீழே பார்க்கும். திசை மாறாமல் நின்றால் ஒரே அணுவில் ஒரு செய்தியைச் சேமித்து வைக்கலாம் என்றாள்.

"மேலேருந்து கீழ வர பதினாறு படின்னு வெச்சுக்கோங்க. சுத்தி பக்கத்து அணுங்க நாலு பேர் சமமா உட்கார்ந்திருந்தா, அது நாலு நாலா தாவலாம். சரியா கீழ வந்து விழுந்துடும். மூணு பேர்னா மூணு மூணாத்தான் தாவணும். பதினாறுல கால் வைக்கவே முடியாது. அதனால இருந்த இடத்துலயே நிக்கும்."

"அப்ப உன்னைச் சுத்தியும் மூணு பேர்தான் போல" என்றான் அவன். "நீயும் இத்தனை வருஷமா இருந்த இடத்துலயே நிக்கிறியே."

ஆய்வுக்கூடத்து அணுவும் அப்படி மூவர் நடுவே, ஒரு குழியில்தான் உட்கார்ந்திருந்தது. காந்தப் பூச்சு கொடுத்த ஊசியை மேலே நிறுத்தினால், மின்னோட்டம் நெடுநேரம் ஒரே மட்டத்தில் ஓடும். பிறகு சட்டென இன்னொரு மட்டத்துக்குத் தாவும். காந்தம் திரும்புகிறது, அதுவும் அபூர்வமாகத்தான் என்று கட்டுரையில் எழுதியாயிற்று. கையெழுத்துப் போடுவதற்கு முன் மனசு கேட்காமல் அவள் பூச்சில்லாத வெறும் ஊசியைப் போட்டுப் பார்த்தாள். வெறும் ஊசிக்குக் காந்தம் தெரியாது. தாவல் காணாமல் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. அதே இரண்டு மட்டம், அதே தாவல். அணு திசை மாறவில்லை. ஒரு குழியிலிருந்து பக்கத்துக் குழிக்கு இடம் மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பேராசிரியர் படத்தைப் பார்த்தார். முகத்தை நிமிர்த்தவில்லை.

"ஊசியில பழைய பூச்சு ஒட்டியிருக்கும்."

"புது ஊசி சார்."

"அப்ப அதைப் பத்தி எழுத வேண்டாம். யாரும் கேட்கப் போறதில்ல."

"கேட்டா?"

"உன் பேருதானே முதல்ல இருக்கு. நீயே பதில் சொல்லிக்கலாம்." சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவள் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கட்டுரை அலமாரிக்குள் போயிற்று, நிரந்தர இடம் வேறொருவருக்குப் போயிற்று, அவளுடைய ஒப்பந்தம் தானாகவே முடிந்துபோயிற்று. இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறாள்.

"பாவம் மனுஷன்" என்கிறாள் இன்றைக்கும். "அப்படி நம்பியிருந்தாரு. நான்தான் போட்டு உடைச்சுட்டேன்."

"பாவம் பாக்க உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்கிறான் கணவன்.

அந்தக் கூடத்தில் கலத்துக்குக் குளிர்திரவம் நிரப்புகிறவனை மொட்டை என்பார்கள். ரொம்ப நாள் கழித்து, ஒரு தேநீர்க்கடையில் வைத்து அவன் சொல்லித்தான் கணவனுக்கு இது தெரிந்தது. ஒரு விடுமுறை நாளில் பேராசிரியர் அவனை மட்டும் வரவழைத்து, வெறும் ஊசியைப் போடச் சொல்லி, அரை நாள் தனியாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள்தான் அக்காவைக் கூப்பிட்டு உன் பேருதான் முதல்ல என்றிருக்கிறார். அதுவரை கட்டுரையில் முதலாவதாக இருந்தது அவருடைய பெயர்.