எங்கள் மாட்டில் போடியாரின் குறி

போடியார் வீட்டுப் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் பெருமையடிப்பார்கள். "எங்கட மூத்தப்பா காட்டுக்குள்ள பெரிய மாட்டுப்பட்டி வளர்த்தவர்" என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயலும் மாடும் வைத்திருந்த பெரிய முதலாளி அவர், அந்தக் காட்டில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. வளர்த்தது அவரிடம் மாடு மேய்த்த என் அப்பா. பட்டியின் வரலாறு வேண்டுமென்றால் என்னிடம் கேட்கட்டும். எங்கள் வீட்டு வயிற்றெரிச்சலையும் சேர்த்தே சொல்வேன்.

எங்கள் ஊர் உன்னிச்சையிலிருந்து மேற்கே ஒன்றரை நாள் நடந்தால் பட்டி வரும். வட்டையில், அதாவது வயல்வெளியில், விதைப்புத் தொடங்கினால் அந்தப் பக்கம் ஒரு மாடு நிற்கக் கூடாது; எல்லாவற்றையும் காட்டுக்குச் சாய்த்துக்கொண்டு போய்விட வேண்டும். அறுவடை முடிந்து மாடுகள் திரும்பும். அப்பாவும் அப்போதுதான் திரும்புவார். முட்கிளை வெட்டிப் போட்ட அடைப்பு, ஒரு குடில், ஒரு பரண், இவ்வளவுதான் அங்கே. சிறுத்தைக்குப் பயந்து கன்றுகளை நடுவில் கட்டுவார். அரிசியும் உப்பும் கருவாடும் அம்மாவும் நானும் தலையில் சுமந்துகொண்டு போய்க் கொடுத்து வருவோம்.

போடியாரின் மாடுகளோடு அம்மாவின் மாடுகளும் அங்கேதான் நின்றன. கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த மூன்று பசுக்கள், மூத்தது வெள்ளைச்சி. தொடையில் அம்மாவின் குடிக்குறி சுட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது. தாயின் சொத்து மகளுக்கு. ஆகவே அந்தப் பசுக்கள் ஈன்றதெல்லாம் என் சீதனம் என்பது வீட்டில் முடிந்த பேச்சு. கன்றுக்கும் தாய்ப்பசுவின் குறியையே சுட வேண்டும். அதுதான் முறை.

அந்த முறையை அப்பா கெடுத்தார். மாட்டுக்கள்ளர் தொல்லை கூடியிருந்த காலம்; அம்மாவின் குறி சுட்ட முந்தைய கன்றுகளெல்லாம் களவு போயிருந்தன. "என்ர குறியச் சுடு, ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்று போடியார் சொல்லியனுப்பினார். அப்பாவுக்கு அது தெய்வ வாக்கு. அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது இரும்பு நெருப்பில் கிடந்தது.

"இஞ்சாருங்க, என்ர கன்றுக்கு என்னத்துக்கு அவர்ர குறி?" என்று அம்மா சத்தம் போட்டா.

"கள்ளனுக்குத்தான் குறி. மாடு ஆருடயெண்டு போடியாருக்குத் தெரியும்தானே" என்றார் அப்பா.

சுட்ட புண்ணில் எண்ணெய் தடவியவள் நான். பதினைந்து வயது. கன்று துடித்தபோது, "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று தேற்றினேன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. அடுத்த வருடங்களில் தாய்ப்பசு ஒன்றைச் சிறுத்தை அடித்தது, மற்ற இரண்டும் நோயில் செத்தன. அம்மாவின் குறி அவற்றோடு போயிற்று. பதினொரு மாடுகள் எங்களுக்கு மிஞ்சின. பதினொன்றிலும் போடியாரின் குறி.

உலகச் சண்டைக் காலத்தில், கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற நாட்களில், போடியார் தன் மகளைப் புளியந்தீவு மாப்பிள்ளை ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். பட்டி முழுவதும் சீதனம். அறுவடை முடிந்து மாடுகள் வட்டைக்கு வந்திருந்தன. மருமகனுக்குக் காட்டவென்று வாவிக்கு அந்தப் பக்கத்துத் தன் வீட்டிலிருந்து போடியார் தோணியேறி வந்தார். அம்மா மாடுகளுக்குள்ளே இறங்கி நின்று, இது வெள்ளைச்சியின் மகள், இது அவளின் பேத்தி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினா. பதினொன்றையும் காட்டினா. மருமகன் குனிந்து குறியைப் பார்த்துவிட்டு மாமனாரைப் பார்த்தார்.

போடியார் அப்பாவிடம் திரும்பினார். "நீ சொல்லு. இது ஆருட மாடு?"

"எல்லாம் உங்கடதானே, போடியார்."

கேட்கிறவர்கள் அப்பாவை முட்டாள் என்பார்கள். முட்டாள் இல்லை. எங்களில் பெரிய மனிதரிடம் அப்படித்தான் சொல்வது. வீட்டுக்கு வந்தால் வீடு உங்கட, சோறு உங்கட, பிள்ளை உங்கட என்போம். அவரும் "சேச்சே, அதென்ன கதை" என்று மறுக்க வேண்டும். அது அவர் பக்கத்து மரியாதை. அப்பா தோளிலிருந்த சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த மறுப்புக்காகக் காத்து நின்றார். அம்மாவும் நானும் காத்து நின்றோம்.

"அப்ப சரி" என்றார் போடியார். மருமகனைக் கூட்டிக்கொண்டு தோணிக்கு நடந்தார்.

அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தார். அதைவிட எனக்குப் பொறுக்காதது, அப்பா மறுநாளும் அதே மாடுகளைக் காட்டுக்குச் சாய்த்துக்கொண்டு போனது. "குறி அவர்ர, நான் என்ன செய்ய?" என்று மட்டும் சொன்னார். அம்மா ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. நான் பேசினேன், பேசாமலே இருந்திருக்கலாம்.

சீதனம் இல்லாததால் என்னைக் கேட்டு வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயின. கடைசியில் மனைவியை இழந்த ஒருவருக்கு என்னைக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போடியார் வீட்டிலிருந்து வண்டி நிறையத் தயிர்ச்சட்டி வந்தது. ஊரே வாயைப் பிளந்தது. போடியாருக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். கொண்டுவந்த ஆளுக்கு முன்னால் அப்பா குனிந்து, முதல் சட்டியை இரண்டு கையாலும் வாங்கினார்.

மணப்பெண் தலை நிமிரக் கூடாது. நான் நிமிர்ந்தேன். "அது எங்கட மாட்டுத் தயிர்" என்றேன். சபைக்கே கேட்டது.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வந்த ஆளைப் பார்த்துச் சிரித்தார். "புள்ள வெக்கத்தில என்னமோ சொல்லுது. போடியாரிட்டச் சொல்லிப்போடாதீங்க."