மண்புழுவுக்கு ஊற்றிய கஞ்சி

மூன்று வருடத்துக்கு முந்தின ஜனவரி மாதம் நடந்தது இது. மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரி கேன்டீனில் எனக்கு வேலை. இப்போதும் அங்கேதான். வீடு பக்கத்தில் லேபர் கேம்ப் என்கிற குடியிருப்பில். காலையில் நடந்தே போய்விடுவேன். வழியில் நாலு பேரிடம் பேசாமல் போய்ச் சேர்ந்த நாளே கிடையாது. "இவ வாயத் தொறந்தா மூடத் தெரியாது. மூடிக்கிட்டு வந்தான்னா காய்ச்சல்னு அர்த்தம்" என்பார் என் வீட்டுக்காரர்.

அந்த வருடம்தான் கல்லூரியில் சுற்றுச்சூழல் பற்றி ஓராண்டுப் படிப்பு ஒன்று புதிதாக வந்திருந்தது. கேன்டீனுக்குப் பின்னால் சிமென்ட் தொட்டி கட்டி, மண்புழு விட்டு உரம் செய்தார்கள். பொறுப்பு அதில் படித்த, மான்குர்த்திலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு. பூர்வீகம் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான், ஆனால் பாதிப் பேச்சு இந்தி. தினமும் வந்து ஈரச் சாக்கை விலக்கிப் புழுக்களைப் பார்ப்பாள். பிறகு என்னிடம் வந்து, "சித்தி, ஆஜ் என்ன கச்சரா?" என்பாள், இன்றைக்கு என்ன குப்பை என்று. வெள்ளரித் தோல், கொத்துமல்லிக் காம்பு என்று கொடுப்பேன். குப்பையை வாங்கிக்கொள்ள ஒரு பிள்ளை அத்தனை சிரிப்போடு வந்து நின்று அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

வீட்டில் அவளை இந்தப் படிப்பில் சேர்க்கவே மனசில்லையாம். "குப்பையப் படிக்கவா காலேஜு?" என்று அவள் அம்மா கேட்டாளாம். படிப்பு முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் துணி தைக்கும் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று பேச்சு. செம்பூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளில் குப்பையை உரமாக்கித் தரும் ஒரு நிறுவனம் ஆள் எடுக்க வருவதாக இருந்தது. ஒரே ஒரு இடம். பிள்ளைகள் செய்திருப்பதை நேரில் பார்த்துத்தான் எடுப்பார்களாம். அவள் நம்பியிருந்தது அந்தத் தொட்டியை.

அவர்கள் வருவதற்கு முந்தின வாரம், பரீட்சைக்குப் படிக்க மூன்று நாள் லீவு விட்டார்கள். கேன்டீனில் ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் சமையல். காய்த் தோல் ஒன்றும் விழவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை உயிர் பட்டினி கிடக்கிறதே, குளிர் வேறு அடிக்கிறதே என்று நினைத்தேன். அப்போதுதான் சோறு வடித்திருந்தேன். கொஞ்சம் உப்புப் போட்டு, ஆறுமுன்னே கொண்டுபோய் இரண்டு செம்பு கஞ்சியைத் தொட்டி முழுக்கப் பரவலாக ஊற்றினேன். ஊற்றிவிட்டுச் சாக்கையும் போர்த்திவிட்டு வந்தேன். அன்று மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

லீவு முடிந்து, பரீட்சை எழுதிவிட்டு அவள் வந்து சாக்கை விலக்கினாள். நாற்றம் கேன்டீன் வரை வந்தது. புழுக்கள் வெளுத்துப்போய்க் கிடந்தன. அவள் அழவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பூச்சி மருந்து அடித்திருப்பார் என்று தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார் பேராசிரியர். மனுஷன் கண்ணீரோடு சத்தியம் செய்தார். தட்டு கழுவிக்கொண்டிருந்த எனக்கு நான் ஊற்றின கஞ்சி ஞாபகம் வந்தது. கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

சாயங்காலம் வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "சூடு இல்லியே. கொஞ்சம் கஞ்சி வைக்கட்டுமா?" என்றார். ஓவென்று அழுதுவிட்டேன்.

மறுநாள் முதல் வேலையாக அவளைத் தேடிப் போனேன்.

"யம்மா, கஞ்சி ஊத்துனது நாந்தான்."

"கஞ்சியா?"

"உப்புப் போட்டு. சூடா."

"சூடாவா? க்யூன், சித்தி?"

"மூணு நாளா ஒண்ணும் திங்கலியேன்னு. குளிரு வேற…"

முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கையை எடுத்தால் சிரிப்பும் கண்ணீருமாக இருந்தாள். "உப்பு வேறயா! தொட்டுக்க ஊறுகா வைக்கலியா, சித்தி?"

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு என்னோடது. கச்சரா போடுங்கன்னேன். என்ன போடக்கூடாதுன்னு சொல்லவே இல்ல. அதெல்லாம் எக்ஸாம்ல பக்கம் பக்கமா எழுதுனேன், உங்ககிட்ட சொல்லல, பாருங்க."

இருவருமாகப் போய்ப் பேராசிரியரிடம் சொன்னோம். அவர் தோட்டக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். தொட்டியின் ஒரு மூலையில் கஞ்சி எட்டாத இடத்தில் ஒரு கைப்பிடிப் புழு உயிரோடு இருந்தது. அதை ஒரு பக்கெட்டில் எடுத்துவைத்தாள்.

நிறுவனத்தார் வந்த அன்று டீ கொடுக்கப் போனது நான்தான். மற்ற பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டி, கலர்ப் படம் என்று வைத்திருந்தார்கள். இவள் முன்னால் அந்தப் பக்கெட். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள், என்னைக் காட்டிக்கொடுக்காமல். "யார் ஊற்றினது?" என்று இந்தியில் கேட்டார் வந்தவர். "அது எதுக்கு சார், சொல்லிக்கொடுக்காதது நான்" என்றாள்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். "நான்தான் சாப்."

"சூடாக ஏன்?"

"தண்ட் தா, சாப்." குளிராக இருந்தது என்றேன். வேறென்ன சொல்ல?

அறையில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பி, "எங்கள் வேலையே இதுதான். எந்திரம் வாங்கி வைத்துவிடுகிறோம், சமையல்கட்டில் இருப்பவர்களிடம் போய் உட்கார்ந்து பேசத்தான் ஆள் இல்லை" என்றார்.

இடம் அவளுக்குக் கிடைத்தது. இப்போது செம்பூரில் வீடு வீடாகப் போய், வீட்டு வேலை செய்யும் பெண்களோடு தரையில் உட்கார்ந்து பேசுகிறாள். போன வாரம்கூடப் போன் பண்ணினாள். "சித்தி, உங்க கஞ்சிக் கதையத்தான் மொதல்ல சொல்றேன். சிரிச்சிட்டாங்கன்னா அப்புறம் எத வேணா கேட்கலாம்னு அவங்களுக்குத் தைரியம் வந்துருது."

என் தப்பை அவள் தன் தப்பு என்று எடுத்துக்கொண்ட அந்தக் காலை இன்னும் எனக்குள் ஆறவில்லை. கஞ்சியை மட்டும், சாக்கடையில் கொட்டுவதாக இருந்தாலும், ஆறவைத்துத்தான் கொட்டுகிறேன். அடியில் எந்த உயிர் இருக்குமோ, யார் கண்டது?