மேலே செருகிய லேயர்

அலுவலகத்தில் அவளுக்கு 'முசுடு' என்று பெயர். விளம்பரங்களில் எழுத்தை ஆடவிட்டுப் பிழைக்கும் அந்த நிறுவனத்தில், ஒரே விளம்பரத்தில் இருநூறு கடைகளின் பெயரை ஒரே மூச்சில் மாற்றித் தரும் கணினி ஸ்கிரிப்டை எழுதியவள் அவள்தான். முன்பு மூன்று பேர் மூன்று நாள் முதுகு ஒடியச் செய்த வேலை அது. அப்படியும் ஒன்றரை வருடமாகத் தற்காலிகம். இந்த இருநூறும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் நிரந்தரம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

காலையில் ஸ்கிரிப்டை ஓடவிட்டாள். முதல் கோப்பிலேயே நின்று, 'கேட்ட பொருள் இல்லை' என்று திரையில் காட்டியது.

"நேத்து நல்லாத்தானே ஓடுச்சு? மெஷினையும் மொறச்சுட்டியா?" என்றார் பக்கத்து நாற்காலி எடிட்டர்.

"அண்ணே, வாய மூடிட்டு வந்து பாருங்க."

ஒவ்வொரு வரிக்கும் என்ன கிடைக்கிறது என்று எழுதிக் காட்டச் சொன்னாள். கோப்பு கிடைத்தது. லேயர் என்கிற அடுக்கும் கிடைத்தது. அதில் எழுத்துதான் இல்லை. படத்தின் அடுக்குகளில் கடைப்பெயர் இருக்க வேண்டிய முதல் இடத்தில் ஒரு வெற்று லேயர் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் 'நல்லதே நடக்கும்'.

"இத எவன் கொண்டாந்து சொருகினான்?"

எடிட்டர் குரலைத் தாழ்த்தினார். "முதலாளிதாம்மா. பெரிய ஆர்டர், மேல இப்படி ஒண்ணு இருந்தா ராசின்னு யாரோ சொன்னாங்களாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்மேலும்தான். லேயரைப் பெயர் சொல்லித் தேடாமல் 'முதலாவது' என்று எண்ணை நம்பியது அவள் சோம்பல். அந்த வரியை மாற்றினாள். பதினொன்றரைக்கு இருநூறும் முடிந்தன.

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வந்தார். "பாத்தியா, தடங்கல் வந்தும் அந்த லேயர் காப்பாத்திடுச்சு. பிழைப் பதிவுல ஸ்கிரிப்ட் தப்புன்னு எழுதிடு."

எல்லோரும் படிக்கும் பதிவு அது. அவள் தட்டினாள்: 'எண்ணை நம்பியது என் தவறு. சொல்லாமல் மேலே லேயர் செருகியது முதலாளியின் தவறு.'

"ரெண்டாவது வரிய எடுத்துடும்மா. நிரந்தர ஆர்டர்ல இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"எடுத்தா நாளைக்கு வேற யாராவது இதே குழியில விழுவாங்க சார். திட்டு அவங்களுக்கு, பெருமை உங்க லேயருக்கா?"

"அப்ப நிரந்தரம் கெடையாது."

"அதையும் எழுதிக் குடுங்க. காரணத்தோட."

முதலாளி வந்த வழியே திரும்பினார். அவள் இரண்டு வரியையும் பதிவில் ஏற்றினாள். மாலை வரை நிரந்தர ஆர்டரும் வரவில்லை, வெளியே போ என்ற சொல்லும் வரவில்லை. தன் பழைய ஸ்கிரிப்டுகளில் எண் இருந்த இடத்தையெல்லாம் தேடித் தேடிப் பெயராக்கிக்கொண்டிருந்தாள், பல்லைக் கடித்தபடி.