நான் ராவிக் கொடுத்தது

கோணல் வேலையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. பாடியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். ஓட்டலில் மேசை ஆடினால்கூட, காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். இந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் என் மகளின் பிழைப்பைக் கெடுத்தது.

பத்தாம் வகுப்பில் அவள் இரண்டு முறை கணக்கில் கோட்டை விட்டாள். மூன்றாவது முறை தட்டுத்தடுமாறித் தேறியதும் அம்பத்தூர் பக்கம் ஒரு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்த்தேன். அதுவரை எந்த ஆசிரியரும் அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பெற்றோர் கூட்டம் என்றாலே கடைசி வரிசையில்தான் போய் உட்காருவேன்.

முதல் வருஷத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். இரண்டு இரும்புத் துண்டுகளை அரத்தால் ராவ வேண்டும். ஒன்றின் பள்ளத்துக்குள் மற்றது, நடுவில் வெளிச்சம் தெரியாமல் உட்கார வேண்டும். வீட்டில் இரும்பைக் கவ்விப் பிடிக்க என் வைஸ் இருக்கிறது என்று சொல்லி, முடிக்காத வேலையைப் பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டாள். சாயங்காலம் முழுக்க நின்று ராவினாள்.

"நாளிக்கு காட்டணும்பா. சரியா கீதா?"

தூக்கிப் பார்த்தேன். மூலையில் முட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் பளிச்சென்று வெளிச்சம்.

"கீது, கீது. பையில வை" என்றேன்.

விடியற்காலையில் அவள் எழுவதற்குள் கொல்லைப்பக்கம் போய், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, மேடுகளை நானே ராவி எடுத்தேன். எண்ணெய்த் துணியில் சுற்றி மறுபடி பையில் வைத்தேன்.

அன்று மாலை ஓடி வந்தாள். வகுப்பு முழுக்க அதைச் சுற்றி அனுப்பினாராம் வாத்தியார். "'இந்தப் பொண்ணு கையப் பாருங்கடா'ன்னாருப்பா!" அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அதன்பின் கஷ்டமான வேலையையெல்லாம் வீட்டுக்கு எடுத்து வந்தாள். நானும் குழாயைத் திறந்தேன். ஐ.டி.ஐ.யிலேயே முடித்தவை சுமாராக வந்தால், அவசரத்தில் அப்படி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். பாதி வேலையிலேயே அரத்தைக் கீழே வைக்க அவள் கை பழகிப்போனது.

படிப்பு முடிந்ததும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அப்ரண்டிஸ் எடுக்கச் செய்முறைத் தேர்வு வைத்தது. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றேன். நான்கு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அவள் இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்தாள்.

"மொத ஆளா முட்ச்சிட்டேன்பா!"

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

அங்கே எடுக்கவில்லை. அடுத்துப் போன இரண்டு கம்பெனிகளிலும் இதே கதைதான். இப்போது பூந்தமல்லி சாலையில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். நாள் முழுக்க நின்றபடி வேலை. வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கிப் போட்டுப் படுத்துக்கொள்வாள்.

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து நடந்து வரும்போது அவளாகவே கேட்டாள்.

"எனுக்குக் கைல வேல கீதுப்பா. வேற எங்கனா போனா வரமாட்டேங்குது. நம்ம ஊட்ல, நீ பக்கத்துல கீறப்போ மட்டும்தான் கரெக்ட்டா வருது. ஏம்பா அப்டி?"

"பயம்தாம்மா. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

சரியென்று தலையாட்டினாள். இனிமேல் பயப்படாமல் இருக்கப் பார்க்கிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தாள்.