முகட்டு ஓலை

அந்த ஐப்பசிக்கு முன் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இரண்டு கூரைகள் புதிதாக ஏறின. ஒன்றைச் சித்தப்பா வேய்ந்தார். மற்றதை நான் வேய்ந்தேன். ஒழுகியது அவருடையது.

முதல் ஜெர்மன் சண்டை தொடங்க இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்தது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். சீமைக்குத் திரும்பிய மிஷன் துரைசானி அம்மாள், தம் பிள்ளைகள் விளையாடிச் சலித்த மரப்பெட்டி ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே விரல் தடிமனில் உருட்டுக் கட்டைகள். இரு முனையிலும் பள்ளம் வெட்டியிருந்தது. பள்ளத்தில் பள்ளம் பொருந்த அடுக்கினால் ஆணியில்லாமல் சுவர் எழும்பும். வாசலும் சன்னலும் வைத்து முழங்கால் உயரத்துக்கு வீடு கட்டலாம். கூரைப் பலகைகளை மட்டும் அந்தப் பிள்ளைகள் எங்கோ தொலைத்திருந்தார்கள்.

"ஏலே, ஒன் கிடையில எத்தன ஆடு கெடக்கு?" என்று கூரையில்லாத என் வீட்டைப் பார்த்துத் தெருப் பையன்கள் கேட்டார்கள்.

ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாத கூரை போட்டே தீருவது என்று எனக்கு வீம்பு பிறந்தது. அட்டை வைத்தேன், ஊறித் தொங்கியது. தென்னம் பன்னாடையை விரித்தேன், சல்லடையாக ஒழுகியது. கடைசியில் ஈர்க்குகளை இருபுறமும் சரித்துக் கட்டி, கிடைத்த பனையோலைத் துண்டுகளைக் கீழிருந்து மேலாக அடுக்கினேன். சரிவுகள் நன்றாக அமைந்தன. இரண்டும் கூடும் முகட்டில்தான் தோற்றேன். காய்ந்த ஓலை அங்கே மடிக்க மடிக்க முறிந்தது.

சித்தப்பா அப்போது எங்கள் வீட்டில் இருந்தார். மெட்ரிகுலேஷனில் தவறியவர். பள்ளிக்கூடத்து வாத்தியாரான என் அப்பா அதைச் சோற்றுக்கு முன்னும் பின்னும் சொல்லிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டில், சபை ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்ற உபதேசியார் குடியிருந்தார். அவர் மகளுக்குச் சித்தப்பாவைப் பிடித்திருந்தது என்பது தெருவுக்கே தெரியும். வேலையில்லாதவனுக்குப் பெண்ணா என்று நெடுநாள் முறுக்கிக்கொண்டிருந்த உபதேசியார், ஒருநாள் பாதி இறங்கி வந்தார்.

"மழைக்கு முன்ன எங்கூட்டுக் கூரையப் பிரிச்சு மேஞ்சு குடும். மத்தத அப்புறம் பேசுவோம்."

சித்தப்பா பாட்டுப் பாடிக்கொண்டே வேய்ந்தார். முகட்டுக்கென்று இளம் ஓலையாகத் தேர்ந்து, தண்ணீரில் ஊறவைத்து, துணிபோல் மடித்துப் போட்டார். அதில் ஒரு கைப்பிடி கேட்டேன்.

"இது மொகட்டுக்குத்தாம்லே சரியா இருக்கும். பைய இரு, சனிக்கெழம வெட்டித் தாரேன்."

தந்திருப்பார். எனக்குத்தான் சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. வேலை முடிந்த பின்னும் ஏணி பின்சுவரில் சாத்தியபடியே இருந்தது. ஆளில்லாத ஒரு மத்தியானம் ஏறினேன். கூரையோடு படுத்து ஊர்ந்து, முகட்டிலிருந்து ஒரு கைப்பிடி உருவினேன். அக்கம்பக்கத்து ஓலையை இழுத்து மூடினேன். அவ்வளவு பெரிய கூரைக்கு ஒரு கைப்பிடி எம்மாத்திரம் என்று எண்ணினேன்.

மழை பிடித்த வாரத்தில் உபதேசியார் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். அது முடிந்ததும் சபைப் பெரியவர்கள் முன்னிலையில் கல்யாணத்துக்கு வாக்குக் கொடுப்பதாக இருந்தது. எல்லாரும் முழங்காலிட்டுக் கண்ணை மூடியிருந்தோம். உபதேசியார் ஜெபித்துக்கொண்டிருந்தார். வெளியே மழை கொட்டியது. நான் கண்ணைத் திறந்தபோது, முகட்டிலிருந்து முதல் சொட்டு அவருடைய வழுக்கைத் தலையில் விழுந்தது. பிறகு நிற்காமல் விழுந்தது. அவர் ஜெபத்தை நிறுத்தவில்லை. எதிரே சித்தப்பாவும் கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமென் சொன்னதும் ஒரு பெரியவர் சிரித்தார். "என்ன வே, உபதேசியாருக்கு ரெண்டாம் ஞானஸ்நானம் ஆயிட்டே!"

கூட்டமே சிரித்தது. உபதேசியார் மேல்துண்டால் தலையைத் துடைத்தபடி சித்தப்பாவைப் பார்த்தார்.

"படிப்புத்தான் வரலன்னு நெனச்சேன்," என்றார். கல்யாணப் பேச்சை அன்று எடுக்கவில்லை, பிறகும் எடுக்கவில்லை. அடுத்த தையில் அந்த அக்காவை ஆழ்வார்குறிச்சியில் ஒரு வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சித்தப்பா தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனார். அவர் திரும்பி வரவில்லை.

அதற்கெல்லாம் முன், ஜெபக்கூட்டத்துக்கு மறுநாள் காலையில், மழை விட்டதும், சித்தப்பா ஏணி வைத்து அந்த முகட்டுக்கு ஏறினார். வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தார். இறங்கி நேரே எங்கள் முற்றத்துக்கு வந்தார். அங்கே என் மரவீடு, முகட்டில் இளம் ஓலை மின்ன, நின்றுகொண்டிருந்தது.

நான் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டுவந்தேன். அவர் கண்முன்னே அதன் முகட்டில் ஊற்றினேன்.

"பாருங்க சித்தப்பா, ஒரு சொட்டு ஒழுகல!"

அவர் குனிந்து, மடிந்திருந்த ஓலையை விரலால் தடவினார். என் முகத்தைப் பார்த்தார். உள்ளே அப்பா யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

ஒரு வார்த்தை போதும். எனக்குப் பிரம்படி கிடைத்திருக்கும். அவருக்குப் பெண் கிடைத்திருக்கும்.

"ஏலே, மொகட நல்லா மடிச்சிருக்க," என்றார். செம்பை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

சித்தப்பாவே மெச்சிவிட்டார் என்று தெருப் பையன்களிடம் சொல்ல ஓடினேன்.